டெக்சாஸ் மண்ணும் நம் பின்பக்க மைதானமும்

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியது)



"சார், இரண்டு மாசம் அமெரிக்கா போய் வந்தீர்களே, நயாகரா பற்றிப் பேசுங்கள்" என்றார் செயலாளர். நான் நயாகரா போகவில்லை. பையன் இருப்பது டெக்சாஸில், டல்லாஸ் பக்கம். அங்கே ஜூலை மாதம் நூறு டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 38. கூடவே தெற்கிலிருந்து அடிக்கும் அனல் காற்று. பகலில் யாரும் வெளியே தலை காட்டுவதில்லை. அந்த வெயிலில், அந்தக் காற்றில், ஒரு மண் ரேஸ் டிராக்கைத் தயார் செய்வதை மூன்று நாள் கூட இருந்து பார்த்தேன். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

எதற்கு இது என்று கேட்பீர்கள். போன வருடம் ஆகஸ்ட் 15 விளையாட்டு விழாவை நினைத்துப் பாருங்கள். ஒன்பதரை மணிக்குப் போட்டி என்று போட்டிருந்தோம். பின்பக்க மைதானத்தில் புழுதி பறந்தது. ஏ பிளாக் பால்கனி எல்லாம் சிவப்பாகிவிட்டது என்று போன் மேல் போன். நான் அப்போது பொருளாளர். உடனே இரண்டு லாரித் தண்ணீர் வரவழைத்து மைதானம் முழுக்க விடச் சொன்னேன். பத்தரைக்கு ரிலே ரேஸ். ஒரு பெண் குழந்தை வளைவில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்தப் பெண் இப்போது நன்றாக இருக்கிறாள், முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். லாரிக்காரர் மீதும் தோட்டக்காரர் மீதும் அன்று பலரும் பழி போட்டார்கள். தண்ணீர் விடச் சொன்னது நான். பில்லில் கையெழுத்துப் போட்டதும் நான். இதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இருந்துவிட்டேன்.

சரி, டெக்சாஸுக்கு வருகிறேன்.

பையனுடன் வேலை பார்க்கும் ஓர் அமெரிக்கரின் மாமனார், எழுபதைத் தாண்டியவர், ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு சின்ன டிராக்கில் மண் வேலை பார்க்கிறார். முன்பு ரோடு போடும் கம்பெனியில் கிரேடர் ஓட்டியவர். நான் வீட்டில் சும்மா இருப்பதைப் பார்த்து, "உன் அப்பாவை என்னோடு அனுப்பு" என்று கேட்டிருக்கிறார். அவரைப் பெரியவர் என்றே சொல்கிறேன். எனக்கும் அவருக்கும் ஆறேழு வயதுதான் வித்தியாசம் இருக்கும். ஆனால் அந்த மண்ணைப் பொறுத்தவரை அவர் பெரியவர்தான்.

மண் டிராக் ரேஸ் என்பது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிது. கோவைக்காரர்களான நமக்கு கரி மோட்டார் ஸ்பீட்வே தெரியும். அது தார். அங்கே முட்டை வடிவத்தில் மண்ணாலேயே டிராக் போட்டிருப்பார்கள். கால் மைலிலிருந்து அரை மைல் வரை இருக்கும். வளைவுகளில் வெளிப்பக்கம் உயர்ந்து சரிவாக இருக்கும். கார்கள் எப்போதும் இடது பக்கமே திரும்பும். திரும்புவது என்றுகூடச் சொல்ல முடியாது, பின்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு வழுக்கிக்கொண்டே போகும். ஸ்பிரிண்ட் கார் என்று ஒரு வகை. பெரிய ரகத்தில் ஓட்டுநரையும் சேர்த்து 650 கிலோகூட வராது, என்ஜின் சக்தியோ 900 குதிரைசக்தி. தலைக்கு மேலே கூரை மாதிரி ஒரு பெரிய இறக்கை. ஸ்டார்ட்டர் கிடையாது, பின்னால் இன்னொரு வண்டி தள்ளித்தான் கிளப்ப வேண்டும். நம் பழைய அம்பாசிடர் ஞாபகம் வந்தது. இந்த வகைக்கு அங்கே 'வேர்ல்ட் ஆஃப் அவுட்லாஸ்' என்று ஒரு பெரிய தொடர் நடக்கிறது. அதன் முதல் ரேஸ் 1978-இல் நடந்ததே டல்லாஸை ஒட்டிய மெஸ்கீட் ஊரில்தான்.

நான் பார்த்த டிராக் அவ்வளவு பெரியதல்ல. சுற்றளவு 600 மீட்டர், அகலம் 18 மீட்டர் இருக்கலாம். சனிக்கிழமை இரவு ரேஸ். வேலை வியாழக்கிழமையே ஆரம்பம்.

முதலில் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். டல்லாஸ் இருக்கும் பகுதிக்கு 'பிளாக்லேண்ட் பிரெய்ரி' என்று பெயர். அந்தக் கருப்பு மண்ணைக் கையில் எடுத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் கரிசல் மண்ணேதான். நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். மண் நூலில் இரண்டையும் ஒரே வகையில்தான் சேர்த்திருக்கிறார்கள், வெர்டிசால் என்று. என் அப்பா பருத்தி போட்ட மண்ணைப் பூமியின் அந்தக் கோடியில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

டிராக்குக்குக் களிமண் வேண்டும். களியின் துகள் மிக நுண்ணியது, ஒரு மில்லிமீட்டரில் ஐநூறில் ஒரு பங்குக்கும் கீழே. தட்டுத் தட்டாக இருக்கும் அந்தத் துகள்களுக்கு நடுவில் தண்ணீர் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிடித்து வைக்கிறது. அந்தத் தண்ணீர் போனால் பிடிப்பும் போகும். அப்புறம் டயர் உரசினால் மாவு, காற்று அடித்தால் புழுதி. களி மட்டுமே இருந்தாலும் சங்கடம், மேலே ஈரம் பட்டவுடன் சோப்பு மாதிரி ஆகிவிடும். அதனால் கொஞ்சம் மணலும் கலந்திருக்க வேண்டும். மணல் கூடினால் ஈரம் நிற்காது. எந்த டிராக்காரரும் தன் மண் கலவையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். நம் வீட்டு அம்மாக்கள் இட்லி மாவைப் பற்றிப் பேசுவது போல.

வியாழக்கிழமை நான் காலை ஒன்பது மணிக்கே தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகத் தயாராகிவிட்டேன். பெரியவர் இரவு எட்டரைக்குத்தான் வந்து கூட்டிக்கொண்டு போனார். இதுதான் முதல் பாடம். வெயிலிலும் காற்றிலும் அவர் தண்ணீரைத் தொடுவதே இல்லை.

காரணம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். துணி எப்போது சீக்கிரம் காயும்? வெயில் மட்டும் இருந்தால் போதாது, காற்றும் வேண்டும். ஈர மண்ணுக்கு மேலே மெல்லிய ஈரக்காற்றுப் படலம் ஒன்று நிற்கும். அது நின்றால் மேற்கொண்டு ஆவியாவது குறையும். காற்று அதைத் துடைத்துக்கொண்டு போய் வறண்ட காற்றைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருக்கும். போதாததற்கு, லாரியிலிருந்து பீய்ச்சும் தண்ணீரில் நுண்ணிய துளிகள் மண்ணில் விழும் முன்பே பறந்துவிடும். அதனால் அவர் லாரியின் பின்னால் இருக்கும் குழாயைத் தரைக்கு மிக அருகில் இறக்கிக் கட்டியிருந்தார். துளையும் பெரிது. பூவாளி மாதிரி தூவாமல், பெரிய துளியாகக் கொட்ட வேண்டும் என்பார்.

அன்று இரவு முதலில் தண்ணீர் விடவில்லை. டிராக்டரில் கலப்பை மாட்டி நான்கு அங்குல ஆழத்துக்குக் கிளறினார். போன வாரம் ஓடிய கார்கள் மேல்மண்ணைக் கல் மாதிரி அழுத்திவிட்டிருந்தன, ஆங்காங்கே ரப்பர் அப்பிக் கருப்பாக இருந்தது. அதன் மேல் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் உள்ளே போகாது, சரிவில் வழிந்து கீழ் ஓரத்தில் குட்டையாக நிற்கும்.

அப்புறம் தண்ணீர். அவர் லாரி 4,000 காலன், நம் கணக்கில் 15,000 லிட்டர். வங்கியில் முப்பத்தைந்து வருடம் கணக்கு எழுதியவன் சும்மா இருப்பேனா? பாக்கெட் நோட்டை எடுத்தேன். 600-ஐ 18-ஆல் பெருக்கினால் 10,800 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டுமானால் 10,800 லிட்டர். அவ்வளவு பெரிய லாரி நிறையக் கொட்டினாலும் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வரவில்லை! நான்கு அங்குல மண்ணுக்கு நல்ல ஈரம் ஏற்ற, பத்து மில்லிமீட்டராவது வேண்டும். அப்படியானால் ஏழு லாரி. நோட்டைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு விரலை விட்டுச் சொன்னார்: இன்று இரவு நான்கு, நாளை இரவு மூன்று. அவர் கணக்குப் போட்டதில்லை, முப்பது வருடம் போட்டுப் பார்த்திருக்கிறார்.

ஏழையும் ஒரே இரவில் விட்டால் என்ன என்று கேட்டேன். விட்டால் மேலே சேறாகும், கீழே போகாது. ஒரு இரவு ஊற விட்டு, விடியும் முன் டிஸ்க் கலப்பையால் புரட்டி, ஈர மண்ணைக் கீழேயும் காய்ந்ததை மேலேயும் கொண்டுவந்து, மறுநாள் இரவு மீண்டும் விட வேண்டும். சரிவில் தண்ணீர் தானாகக் கீழே இறங்கும் என்பதால் மேல் ஓரத்துக்குத்தான் அதிகம். காற்று முதலில் வந்து மோதும் தென்பக்க வளைவுக்கு ஒரு சுற்று கூடுதல்.

வெள்ளிக்கிழமை அதிகாலை நாலரை மணிக்கு அவர் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்து என் கையில் வைத்தார். விரலால் அழுத்தினால் இரண்டாகப் பிளந்தது. உதிரவும் இல்லை, கையில் ஒட்டவும் இல்லை. எங்கள் ஊரில் இதற்குப் பெயர் பதம். இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் 'பதம், பதம்' என்றேன். கிளம்பும் வரை அவரும் 'பாதம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை விடியும் முன்பே அழுத்தும் வேலை. முதலில் முள் முள்ளாகக் கட்டைகள் வைத்த இரும்பு உருளை, கீழ்மண்ணை அது அழுத்தும். அப்புறம் கிரேடரால் சமப்படுத்தல். கடைசியில் வரிசையாக டயர் வைத்த கனமான ரோலர். இங்கே எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. மானாவாரிக் காட்டில் மழை பெய்து ஓய்ந்ததும் அப்பா மேல்மண்ணை லேசாகக் கிளறிப் புழுதியாக்கி விடுவார். மண்ணுக்குள் முடி போன்ற சந்துகள் வழியாக ஈரம் மேலே ஏறி வந்து ஆவியாகும். மேலே கிளறிவிட்டால் அந்த வழி அறுந்துபோகும், ஈரம் வேருக்கு நிற்கும். டிராக்கில் வேண்டியது இதற்கு நேர் எதிர். மேலே புழுதி இருக்கவே கூடாது, கீழே உள்ள ஈரம் மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டே இருக்க வேண்டும். அதனால் அழுத்துகிறார்கள். அப்பா மூடி வைத்த வழியை இவர்கள் திறந்து வைக்கிறார்கள். விஷயம் ஒன்றுதான்.

மருந்தும் உண்டு. கால்சியம் குளோரைடு என்ற உப்பு, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அங்கே கிராமத்து மண் சாலைகளிலும் போடுகிறார்கள். பெரியவர் அதை வண்டிகள் நிற்கும் இடத்தில் மட்டும் போட்டார். டிராக்கில் போட்டால் கார்களில் அப்பி இரும்பை அரிக்கும் என்று ஓட்டுநர்கள் சண்டைக்கு வருவார்களாம்.

சனிக்கிழமை மதியம் ஒரு மணி. காற்று மரங்களைச் சாய்த்தது. டிராக்கின் நிறம் கருப்பிலிருந்து சாம்பலாக மாறிக்கொண்டிருந்தது. முதலாளி வேகமாக வந்தார். லாரியை இப்போதே ஓட்டு என்றார். போன மாதம் ஒரு நாள் புழுதி கிளம்பி, பாதியில் நிறுத்தி, டிக்கெட் பணத்தைத் திருப்பித் தந்திருக்கிறார்கள். அவர் கவலை அவருக்கு.

பெரியவர் முடியாது என்றார். இப்போது விட்டால் பாதியைக் காற்று குடிக்கும். மீதி மேலே ஒரு தோல் போல நிற்கும். பார்க்கக் கருப்பாக அழகாக இருக்கும், முதல் கார் அந்தத் தோலை உரித்துவிடும். வழுக்கலும் அங்கேதான், அதன்பின் புழுதியும் அங்கேதான்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். போன ஆகஸ்ட் 15 காலை நான் செய்தது அதைத்தான், அச்சாக.

பெரியவர் பாக்கெட்டிலிருந்து ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து மண்டியிட்டுக் குத்தினார். மேலே கால் அங்குலம் காய்ந்திருந்தது, கீழே கருப்பாக ஈரம். இன்னோர் இடம், அங்கேயும் ஈரம். முதலாளி முகம் தெளிந்தது. இப்படியே நடந்து தென்பக்க வளைவு முடியும் இடத்தில் குத்தினார். இரண்டு அங்குலத்துக்கு மாவு. முந்தைய இரவு லாரிக் குழாயின் வலது ஓரத்துத் துளைகள் அடைத்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. தன் தப்பு என்று முதலாளியிடமே சொன்னார், ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. அன்று இரவு அவருடைய பேரன் அந்த டிராக்கில் ஓட்ட இருந்தான். பத்தொன்பது வயது, முதல் சீசன். அந்த வளைவில் புழுதி கிளம்பினால் அதற்குள்தான் அவன் கண் தெரியாமல் போக வேண்டும். முன்னால் ஒரு கார் திரும்பி நின்றிருந்தாலும் தெரியாது.

அந்த ஒரு துண்டை மட்டும் அந்த வெயிலில் கிளறினார். தண்ணீர் விட்டு, ஊற விட்டு, மறுபடி விட்டு, ரோலர் ஓட்டினார். மூன்று மணி நேரம். மற்ற இடத்தை ஐந்தரை மணி வரை தொடவே இல்லை. வெயில் சாய்ந்த பிறகு முழு டிராக்குக்கும் லேசாக ஒரு சுற்று. அதற்கப்புறம் ரேஸ் கார்களையும் தள்ளும் வண்டிகளையும் மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஓட்டச் சொன்னார்கள், டயராலேயே அழுத்துவதற்கு. அங்கே ஜூலையில் சூரியன் மறையவே எட்டரை ஆகும். ரேஸ் இரவில் வைப்பது விளக்கு வெளிச்சத்தின் அழகுக்காக என்று நினைத்திருந்தேன். காற்று அடங்குவதற்கும் ஈரம் நிற்பதற்கும்தான் முக்கியமாக இரவு.

முதல் இரண்டு ரேஸ் பிரமாதம். மண் கட்டி கட்டியாகப் பறந்து வந்து எங்கள் மேலேயே விழுந்தது. ஓட்டுநர்கள் ஹெல்மெட் கண்ணாடி மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் அடுக்காக ஒட்டியிருக்கும். மண் அப்பினால் ஒன்றைப் பிய்த்து எறிந்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். மூன்றாவது ரேஸில் பேரன். நான்கு சுற்று ஆனதும் அந்தத் துண்டில் வெளுப்பாக ஒரு மேகம் எழுந்தது. பெரியவர் எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்த நானும் நின்றேன். ஐந்தாவது சுற்றில் இரண்டு கார்கள் உரசிக்கொண்டு ஒன்று குறுக்கே நின்றது. மஞ்சள் விளக்கு எரிந்தது. பேரன் வண்டி அதன் மூக்கை ஒட்டிக்கொண்டு கடந்து போனது. யாருக்கும் அடி இல்லை. ரேஸை இருபத்தைந்து நிமிடம் நிறுத்தி, பெரியவர் தானே லாரியில் ஏறி அந்த இடத்தைச் சரிசெய்தார். இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பேரன் ஏழாவதாக வந்தான். அதற்கு மேல் அன்று நாங்கள் பேசவில்லை.

சின்ன டிராக்கில்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். நாஸ்கார் அமெரிக்காவின் மிகப் பெரிய கார் ரேஸ் அமைப்பு. அதன் உயர்மட்டத் தொடர் 1970-க்குப் பிறகு மண்ணில் ஓடவே இல்லை. ஐம்பது வருடம் கழித்து 2021 மார்ச்சில், டென்னசி மாநிலத்து பிரிஸ்டலில், கான்கிரீட் டிராக்கின் மேல் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி நடத்தினார்கள். சனிக்கிழமை ஈரம் அதிகமாகி, காரின் முன் கண்ணாடியில் சேறு அப்பி, தகுதிச் சுற்றையே கைவிட்டார்கள். ஞாயிறு மழை. திங்கள் பகலில் வெயிலில் ஓட்டினார்கள், புழுதியில் முன்னால் போகும் வண்டி தெரியவில்லை. இரண்டிரண்டாகக் கிளம்ப வேண்டியவர்களை ரேஸின் நடுவில் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பச் சொல்லி விதியை மாற்றினார்கள். மறுவருடம் ரேஸை இரவுக்கு மாற்றிவிட்டார்கள்.

இனி நம் மைதானம். ஆகஸ்டில் நமக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காலை ஒன்பதுக்கு மேல் வேகம் எடுக்கும். மைதானம் 40-க்கு 25 மீட்டர், அதாவது 1,000 சதுர மீட்டர். மில்லிமீட்டருக்கு 1,000 லிட்டர். நான் அன்று விட்ட இரண்டு லாரி 12,000 லிட்டர், அளவு சரிதான். ஆனால் கல்லாக இறுகிய தரையில், பத்து மணிக்கு, அரை மணி நேரத்தில் விட்டேன். பாதி டிரெய்னேஜுக்குப் போனது, மீதி மேலே தோலாக நின்றது. அந்தத் தோலில்தான் அந்தக் குழந்தை ஓடினாள்.

மைதானத்துக்கு இன்டர்லாக் கல் போடலாம் என்று கொட்டேஷன் வந்திருக்கிறது, அடுத்த பொதுக்குழுவில் வைக்கப் போகிறார்கள். கல் மேல் விழுந்தால் முட்டி என்னாகும் என்பதைப் பெற்றோர்கள் யோசியுங்கள். நான் கேட்பது, இந்த ஒரு முறை மட்டும் எனக்கு விடுங்கள். 12-ஆம் தேதி மாலை தோட்டக்காரர் மண்ணை இரண்டு அங்குலம் கொத்திவிடுவார். அன்று இரவும் மறுநாள் இரவும் எஸ்.டி.பி. தண்ணீர் ஐயாயிரம் ஐயாயிரம் லிட்டர், காற்று அடங்கிய பின் ஒன்பது மணிக்கு மேல். விழாவில் பிள்ளைகள் கை ஊன்றும் இடம் என்பதால் குளோரின் அளவைப் பார்த்துவிட்டுத்தான் விடச் சொல்லியிருக்கிறேன். 14 அதிகாலை உருளை. அதற்கான கை ரோலரைப் பக்கத்து லேஅவுட் ஷட்டில் கோர்ட்காரர்கள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 15-ஆம் தேதி காலை ஐந்தரைக்கு லேசாகத் தெளிப்பு. போட்டி ஒன்பதரைக்கு அல்ல, ஏழு மணிக்கு. கொடியேற்றத்தைப் போட்டிகள் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாமா என்பதைக் கமிட்டி சொல்ல வேண்டும்.

ஸ்க்ரூடிரைவர் என்னிடம் இருக்கிறது. கிளம்பும்போது பெரியவர் கொடுத்தது. 14-ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு மைதானத்தில் குத்திப் பார்ப்பேன். வளைவுப் பக்கம் எங்காவது காய்ந்திருந்தால் அந்த ரிலே ரேஸை மட்டும் நேர்க்கோட்டு ஓட்டமாக மாற்றிவிடுவோம். பிள்ளைகளும் வந்து பார்க்கலாம், ஆளுக்கு ஒரு குத்து.